செத்த #இஃப்டெஃப்களைச் சி ப்ராஜெக்டிலிருந்து அகற்றுவது எப்படி

யாரும் பயன்படுத்தாத கண்டிஷனல் கோடை (ஒரு மேக்ரோ டிஃபைன் ஆகியிருந்தால் மட்டும் கம்பைல் ஆகும்படி #இஃப்டெஃப், #எண்டிஃப் வரிகளுக்கு நடுவே வைத்தது) வெட்டி எறியும் வேலைக்கு, மற்ற ரீஃபேக்டரிங் எதற்கும் இல்லாத ஒரு சௌகரியம் உண்டு. வெட்டியது சரியாக இருந்தால் கம்பைலர் தரும் ஆப்ஜெக்ட் ஃபைலில் ஒரு பைட் கூட மாறாது. மாறினால் எங்கோ கை தவறிவிட்டது என்று அர்த்தம். ரிவ்யூ செய்பவர் நாலாயிரம் வரி டிஃபைக் கண்கொட்டாமல் படித்தாரா என்று கவலைப்படத் தேவையில்லை. ஆனால் இந்தச் சௌகரியத்தைப் பயன்படுத்தாமல், எடிட்டரைத் திறந்து கையால் அழித்து, கம்பைல் ஆனதும் "சரி, முடிந்தது" என்று கமிட் செய்பவர்கள்தான் அதிகம். கீழே உள்ள முறை முழுக்க அந்த ஒரு சோதனையைச் சுற்றியே அமைந்தது.

கட்டளைகளும் மேக்ரோ பெயர்களும் உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் உள்ளன. டெர்மினலில் வழக்கமான எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா என்ற குழப்பம் வரக்கூடிய இடங்களில் குறிப்பு இருக்கிறது.

அப்படியே விட்டுவைத்தால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற என்கிரிப்ஷன் லைப்ரரியின் கதை போதும். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது, ஓப்பன்எஸ்எஸ்எல்லின் சொந்த பஃபர் ஃப்ரீலிஸ்ட்டை (விடுவித்த பஃபர்களைத் திரும்பப் பயன்படுத்த வைத்திருக்கும் பட்டியல்) அணைக்க ஒரு கம்பைல் ஆப்ஷன் இருந்தது. அதைப் போட்டு பில்ட் செய்தால் கனெக்‌ஷன்கள் உடைந்தன. விடுவித்த பஃபரே உள்ளடக்கம் கலையாமல் திரும்பக் கிடைக்கும் என்று கோடின் இன்னொரு பகுதி நம்பிக்கொண்டிருந்ததுதான் காரணம். யாரும் பில்ட் செய்து பார்க்காத பாதை எழுத்தில் மட்டும்தான் உயிரோடு இருக்கும். அடுத்த சில நாட்களில் ஓப்பன்பிஎஸ்டி குழு லிப்ரெஎஸ்எஸ்எல் என்று பிரித்தெடுத்து, விஎம்எஸ், ஓஎஸ்/2, பழைய மேக் ஆகியவற்றுக்கான கிளைகளை வெட்டத் தொடங்கியது. விம் எடிட்டரும் 2016-இல் வந்த 8.0 பதிப்பில் எம்எஸ்-டாஸ் ஆதரவைக் கைவிட்டது. மெமரியில் அடங்காததால் அது வெகுநாளாகவே ஓடவில்லை என்று அதன் வெளியீட்டுக் குறிப்பே ஒப்புக்கொள்கிறது.

எது செத்தது, எது தூங்குகிறது

முதலில் பட்டியல் வேண்டும். அதற்கும் பின்னால் வெட்டுவதற்கும் ஒரே கருவி போதும்: அன்இஃப்டெஃப். 1980களின் பிஎஸ்டி யூனிக்ஸிலிருந்து வருவது. லினக்ஸ் கெர்னல் தன் சோர்ஸிலேயே ஒரு பிரதி வைத்திருக்கிறது. பயனர்களுக்கான ஹெடர்களை இன்ஸ்டால் செய்யும்போது __கெர்னல்__ பகுதிகளை நீக்குவது அதுதான். உபுண்டுவிலும் டெபியனிலும் இதே பெயரில் பேக்கேஜ் கிடைக்கும்.

சிறிய எஸ் சுவிட்ச் கொடுத்தால் எதையும் வெட்டாமல், #இஃப் வரிகளில் வரும் சிம்பல்களை (மேக்ரோ பெயர்களை) மட்டும் அச்சிடும். ஒரு தடவைக்கு ஒரு ஃபைல்தான் ஏற்கும் என்பதால் எக்ஸ்ஆர்க்ஸுக்கு -என் 1 அவசியம்:

    கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் '*.சி' '*.ஹெச்' | எக்ஸ்ஆர்க்ஸ் -என் 1 அன்இஃப்டெஃப் -எஸ் | சார்ட் | யூனிக் -சி | சார்ட் -என்

எந்த சிம்பல் எத்தனை தடவை என்று வரும். இன்க்லூட் கார்டுகள் (ஒரே ஹெடர் இரண்டு தடவை உள்ளே வராமல் தடுக்கும் பெயர்கள்) கலந்திருந்தால் தள்ளிவிடுங்கள். மறுபக்கம், உங்கள் பில்ட் உண்மையில் எதையெல்லாம் டிஃபைன் செய்கிறது என்பதை ஜிசிசி கம்பைலரிடம் கேளுங்கள். வழக்கமான கம்பைல் வரியோடு -டிஎம் (டி சிறியது, எம் பெரியது), -ஈ (பெரியது) சேர்த்தால், அந்த ஃபைலின் முடிவில் உயிரோடு இருக்கும் மேக்ரோக்கள் அனைத்தும் கொட்டும். நீங்கள் ஆதரிக்கும் ஒவ்வொரு கான்ஃபிகரேஷனுக்கும் இதைச் செய்து, முதல் பட்டியலோடு ஒப்பிடுங்கள். எதிலுமே டிஃபைன் ஆகாதவை ஒரு கூட்டம். எல்லாவற்றிலும் டிஃபைன் ஆகியிருப்பவை இன்னொரு கூட்டம். இந்த இரண்டாவது கூட்டத்தில் #எல்ஸ் பக்கம்தான் பிணம். இரண்டு கூட்டமும் வெறும் சந்தேக நபர்கள்தான், இன்னும் தீர்ப்பு ஆகவில்லை.

கிரெப் அடித்தால் எங்கும் #டிஃபைன் இல்லை, ஆகவே செத்தது என்ற முடிவுதான் இந்த வேலையில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது. மேக்ரோ வேறு எங்கெல்லாமிருந்து வரும் என்று பாருங்கள். மேக்ஃபைலில் பெரிய டி சுவிட்ச். சிமேக் ஃபைலில் டார்கெட்_கம்பைல்_டெஃபினிஷன்ஸ். கான்ஃபிகர்.ஏசி-யில் ஏசி_டிஃபைன். விஷுவல் ஸ்டுடியோ ப்ராஜெக்ட் ஃபைல். கம்பைலரே உள்ளுக்குள் வைத்திருக்கும் _வின்32 போன்றவை. டெபியன், ஃபெடோரா பேக்கேஜ் கட்டுபவர்கள் தங்கள் பேக்கேஜிங் ஃபைலில் போட்டிருக்கும் சிபிபிஃப்ளாக்ஸ். இது உங்கள் ரெப்பாசிட்டரியிலேயே இருக்காது.

டூல்கள் மட்டும் டிஃபைன் செய்பவையும் உண்டு. __கிளாங்_அனலைசர்__, __கவரிட்டி__, டாக்ஸிஜனுக்காகப் போட்டவை, ஃபஸ்ஸர்களுக்கான ஃபஸ்ஸிங்_பில்ட்_மோடு_அன்சேஃப்_ஃபார்_ப்ரொடக்‌ஷன் ஆகியவை சாதாரண பில்ட் எதிலும் தலைகாட்டாது. செத்ததுபோலவே இருக்கும், ஆனால் கை வைக்கக் கூடாது. __சிப்ளஸ்ப்ளஸ் இன்னும் மோசம்: முழுக்கச் சியில் எழுதிய லைப்ரரியில் அது ஒருபோதும் டிஃபைன் ஆகாது, ஆனால் உங்கள் ஹெடரை இன்க்லூட் செய்யும் சிப்ளஸ்ப்ளஸ் ப்ரோகிராம் ஒவ்வொன்றும் அதை நம்பியிருக்கிறது. பொதுவாகவே இன்ஸ்டால் ஆகும் ஹெடர்களைத் தனியாக எடுத்து வையுங்கள். அவற்றில் உள்ள மேக்ரோவை உங்கள் கோடு டிஃபைன் செய்யாவிட்டாலும், பயனர் இன்க்லூடுக்கு முந்தைய வரியில் டிஃபைன் செய்திருக்கலாம்.

.சி, .ஹெச் தவிர ப்ரீப்ராசசர் வழியாகப் போகும் மற்ற ஃபைல்களையும் தேடுங்கள்: பெரிய எஸ் எக்ஸ்டென்ஷன் கொண்ட அசெம்ப்ளி, லிங்கர் ஸ்கிரிப்ட், விண்டோஸ் ரிசோர்ஸ் ஃபைல், யாக், லெக்ஸ் ஃபைல்கள். இரட்டை ஹேஷ் போட்டுப் பெயரை ஒட்டும் மேக்ரோ இருந்தால், முழுப் பெயரைக் கிரெப் செய்வது பயன்படாது; பெயரின் பின்பாதியை மட்டும் தேட வேண்டும். கெர்னல் பாணியில் ஈஸ்_எனேபிள்டு என்ற மேக்ரோவைச் சாதாரண இஃப்-க்குள் வைத்திருந்தால் அது அன்இஃப்டெஃப்பின் கண்ணில் படவே படாது.

ஒரு சிம்பலை ஒரு இடத்தில் #டிஃபைன் செய்து, ஒரு ஃபைலை இன்க்லூட் செய்து, உடனே #அன்டெஃப் செய்யும் பழக்கமும் சியில் சகஜம். ஒரே டேபிள் ஃபைலை மூன்று விதமாக விரிப்பதற்காகச் செய்வார்கள். அந்த சிம்பலுக்கு ப்ராஜெக்ட் முழுமைக்கும் ஒரே மதிப்பு கிடையாது. அன்இஃப்டெஃப் #டிஃபைன்களைப் பின்தொடராது. நீங்கள் கொடுத்த மதிப்பே எங்கும் உண்மை என்று நம்பி வெட்டிவிடும். ஆகவே வெட்டப்போகும் ஒவ்வொரு சிம்பலுக்கும் #அன்டெஃப் இருக்கிறதா என்று ஒருமுறை தேடுங்கள். இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

பூஜ்யமும் இல்லாமையும் ஒன்றல்ல

கான்ஃபிக் ஹெடரில் 0, 1 என்று எழுதும் ப்ராஜெக்ட்களில் இந்தப் பள்ளம் கட்டாயம் இருக்கும்:

    /* கான்ஃபிக்.ஹெச் */
    #டிஃபைன் யூஸ்_போல் 0

    /* நெட்.சி */
    #இஃப்டெஃப் யூஸ்_போல்
        என் = போல்(எஃப்டிஎஸ், கவுண்ட், டைம்அவுட்);
    #எல்ஸ்
        என் = செலக்ட்(மேக்ஸ் + 1, &ரீட்செட், 0, 0, &டிவி);
    #எண்டிஃப்

கான்ஃபிக் ஃபைலைப் படித்தவருக்கு, போல் என்ற ஃபங்ஷன் (டேட்டா வந்ததா என்று காத்திருந்து பார்ப்பது; செலக்ட் அதற்கு மாற்று) அணைந்திருக்கிறது. ஆனால் நெட்.சி-யில் எழுதியிருப்பது #இஃப்டெஃப். மதிப்பு பூஜ்யமாக இருந்தாலும் டிஃபைன் ஆகிவிட்டதால் அது உண்மை, ஓடிக்கொண்டிருப்பது போல்தான். "அணைந்ததுதானே" என்று -யூ (இந்த சிம்பல் டிஃபைன் ஆகவில்லை என்று அன்இஃப்டெஃப்பிடம் சொல்லும் சுவிட்ச்) கொடுத்து வெட்டினால், இத்தனை வருடம் ஓடிய கோடு போய், இதுவரை ஓடாத செலக்ட் உயிர்பெறும். கம்பைல் ஆகும், டெஸ்ட்டும் ஒருவேளை தேறும். செலக்ட்டால் சமாளிக்க முடியாத, 1024-க்கு மேற்பட்ட ஃபைல் டிஸ்கிரிப்டர் வரும் நாளில்தான் தெரியும்.

எனவே கான்ஃபிக் ஹெடரில் உள்ள வரி என்னவோ அதையே கருவிக்கும் சொல்லுங்கள். 0 என்று இருந்தால் பெரிய டி சுவிட்சில் யூஸ்_போல்=0. அப்போது #இஃப்டெஃப் வரியில் போல் பக்கமும், #இஃப் யூஸ்_போல் என்று எழுதிய வரிகளில் எதிர்ப்பக்கமும் மிஞ்சும். இன்றைய நடத்தை அதுதான். அது தவறான நடத்தை என்று தோன்றினால் தனி பக் என்று பதிவு செய்து தனி கமிட்டில் திருத்துங்கள், துப்புரவோடு கலக்காதீர்கள். டிஃபைனே ஆகாத சிம்பலுக்கு மட்டும் -யூ (பெரியது).

இன்னொரு பக்கம், டிஃபைன் ஆகாத பெயரை #இஃப் வரியில் எழுதினால் சி அதை 0 என்று எடுத்துக்கொண்டு வாய் திறக்காது. எழுத்துப்பிழையால் செத்துப்போன கோடு நிறைய இப்படிக் கிடக்கும். -டபிள்யூஅன்டெஃப் வார்னிங்கைப் போட்டு ஒருமுறை முழு பில்ட் ஓட்டுங்கள். அதில் வருபவை எல்லாம் வெட்ட வேண்டியவை அல்ல. பாதிக்கு மேல் எழுத்தைத் திருத்த வேண்டியவையாகவும் இருக்கலாம்.

வெளியாட்கள் யார் அந்த ஆப்ஷனைப் போடுகிறார்கள் என்று தெரியாத லைப்ரரி என்றால், வெட்டுவதற்கு முன் ஒரு ரிலீஸ் காத்திருங்கள். எல்லா ஃபைலும் இன்க்லூட் செய்யும் ஹெடரில், அந்த சிம்பல் டிஃபைன் ஆகியிருந்தால் #எரர் என்று வைத்து வெளியிடுங்கள். போட்டவர் பில்ட் அங்கேயே நிற்கும், உங்களுக்குக் கடிதம் வரும். செய்தியில் ஆங்கில அபாஸ்ட்ரஃபி வேண்டாம். #எரர் வரியில் தனியாக நிற்கும் ஒற்றை மேற்கோளைப் பார்த்தால் அன்இஃப்டெஃப், முடிவடையாத கேரக்டர் லிட்டரல் என்று சொல்லி அந்த ஃபைலை விட்டு வெளியேறிவிடும். #இஃப் 0-க்குள் கிடக்கும் ஆங்கில வாக்கியங்களிலும் இதே சிக்கல் வரும்.

முதலில் ஒன்றும் செய்யாமல் இரண்டு பில்ட்

சோதனைக்கான பில்ட்டை இப்படி அமையுங்கள்: -ஓ2, -ஜி0, எல்டிஓ (லிங்க் செய்யும்போது நடக்கும் ஆப்டிமைசேஷன்) இல்லாமல், எப்போதும் அதே டைரக்டரியில். டைரக்டரி முக்கியம், __ஃபைல்__ வழியாகப் பாதை ஆப்ஜெக்ட்டுக்குள் போய்விடும். டீபக் தகவலை ஏன் அணைக்க வேண்டும் என்றால், கிளாங் கம்பைலர் ட்வார்ஃப் 5 என்ற டீபக் ஃபார்மட்டில் சோர்ஸ் ஃபைலின் எம்டி5-ஐயே எழுதி வைக்கிறது. காலி வரி ஒன்றைச் சேர்த்தாலும் வித்தியாசம் காட்டும். கிளாங் 14 முதல் ட்வார்ஃப் 5-தான் இயல்புநிலை.

கோடைத் தொடாமல் க்ளீன் பில்ட், பிறகு:

    ஃபைண்ட் . -நேம் '*.ஓ' | சார்ட் | எக்ஸ்ஆர்க்ஸ் ஷா256சம் > /டெம்ப்/முன்.டெக்ஸ்ட்

மறுபடி க்ளீன் பில்ட் செய்து ஷா256சம் -சி --கொயட் /டெம்ப்/முன்.டெக்ஸ்ட். எதுவும் அச்சாகக் கூடாது. அச்சானால் உங்கள் பில்டே ஒவ்வொரு தடவையும் வேறு பைட்டைத் தருகிறது. அந்த நிலையில் சோதனைக்கு அர்த்தமில்லை. பெரும்பாலும் குற்றவாளி __டேட்__, __டைம்__. சோர்ஸ்_டேட்_ஈபாக் என்ற சூழல் மாறியில் ஒரு நிலையான எண்ணை வைத்தால் ஜிசிசி 7 முதல் அதையே நேரமாக எடுத்துக்கொள்ளும். பில்ட் எண் ஒன்றை உற்பத்தி செய்யும் ஸ்கிரிப்ட் இருந்தால் அதையும் நிறுத்தி வையுங்கள்.

நீங்கள் ஆதரிக்கும் ஒவ்வொரு கான்ஃபிகரேஷனுக்கும் இந்த ஹேஷ் பட்டியல் தேவை. டீபக், ரிலீஸ், 32 பிட், விண்டோஸ் க்ராஸ் பில்ட், சிஐ (கமிட்டுகளைத் தானாக பில்ட் செய்து பார்க்கும் சர்வர்) எதையெல்லாம் கட்டுகிறதோ அத்தனையும். சோதனை எந்த கான்ஃபிகரேஷனில் ஓடியதோ அதற்கு மட்டும்தான் சாட்சி சொல்லும்.

வெட்டு

ஒரு தடவைக்கு ஒரு சிம்பல், ஒரு சிம்பலுக்கு ஒரு கமிட். முதல் ஓட்டத்தில் சிறிய பி (ஆங்கில அரிச்சுவடியின் இரண்டாவது எழுத்து) சுவிட்ச் கட்டாயம்:

    கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் '*.சி' '*.ஹெச்' | எக்ஸ்ஆர்க்ஸ் அன்இஃப்டெஃப் -எம் -எக்ஸ்2 -பி -யூஎம்எஸ்டாஸ்

சிறிய எம் என்றால் அதே ஃபைலில் எழுது. -எக்ஸ்2 இல்லாவிட்டால், ஃபைல் மாறியதற்கு எக்ஸிட் ஸ்டேட்டஸ் 1 வரும். எக்ஸ்ஆர்க்ஸ் அதைப் பிழை என்று எடுத்து 123 தரும், உங்கள் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும். உண்மையான பிழைக்கு 2. வெளியிலிருந்து அப்படியே கொண்டுவந்து வைத்த மூன்றாம் தரப்பு கோடு உங்கள் ரெப்பாசிட்டரியில் இருந்தால், அந்த டைரக்டரியைப் பட்டியலிலிருந்து விலக்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த அப்டேட்டில் ஒவ்வொரு ஃபைலும் கான்ஃப்ளிக்ட் ஆகும்.

சிறிய பி செய்வது: வெட்டிய வரிகளுக்குப் பதிலாக அதே எண்ணிக்கையில் காலி வரி. இதனால் எந்த வரி எண்ணும் நகராது. அசர்ட் மேக்ரோ __லைன்__ மதிப்பை மாறிலியாக ஆப்ஜெக்ட்டுக்குள் எழுதும். லாக் மேக்ரோக்களும் அப்படியே. வரிகள் நகர்ந்தால் அசர்ட் உள்ள ஃபைல் அத்தனையும் வித்தியாசம் காட்டும், உண்மைத் தவறு அந்தக் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும். பி போட்டிருந்தால் ஒளிய இடமில்லை.

இப்போது ஒவ்வொரு கான்ஃபிகரேஷனையும் கட்டி ஷா256சம் -சி. ஒரு ஃபைல் ஃபெயில் என்று வந்தாலும் நிறுத்துங்கள். "சின்ன வித்தியாசம்தான்" என்று ஆப்ஜ்டம்ப்பைத் திறந்து சமாதானம் தேட வேண்டாம். அந்த ஃபைலில் சிம்பல் உயிரோடு இருந்திருக்கிறது. எங்கே டிஃபைன் ஆனது என்று -டிஎம்-க்குப் பதில் -டிடி (இரண்டும்: முதல் எழுத்து சிறியது, அடுத்தது பெரியது) கொடுத்துப் பார்த்தால் ஹெடரும் வரி எண்ணும் தெரியும்.

எல்லாம் ஒத்துப்போனால், அந்த நிலையை /டெம்ப்பில் நகலெடுத்துவிட்டு, கிட் செக்அவுட் செய்து, அதே கட்டளையை இம்முறை பி இல்லாமல் ஓட்டுங்கள். பெரிய பி போட்டால் வெட்டிய இடத்தைச் சுற்றிய காலி வரிகளையும் நெருக்கிவிடும். இரண்டு பி-யையும் ஒன்றாகப் போட முடியாது. பிறகு இரண்டு நிலைகளையும் டிஃப் -ஆர் -பி (ஆர் சிறியது, பி பெரியது) கொண்டு, காலி வரிகளைப் பொருட்படுத்தாமல் ஒப்பிடுங்கள். ஒன்றும் வராது. கமிட் செய்ய வேண்டியது இந்த இரண்டாவது நிலையைத்தான்.

கமிட்டுக்கு முன் கிட் டிஃப் --நம்ஸ்டாட். சேர்ந்த வரிகள் என்ற முதல் பத்தி கிட்டத்தட்ட முழுக்கப் பூஜ்யமாக இருக்க வேண்டும். பூஜ்யமல்லாத இடங்களில் சேர்ந்த வரி ஒவ்வொன்றும் # என்று தொடங்க வேண்டும். அவை எங்கிருந்து வருகின்றன என்றால்:

    #இஃப்டெஃப் எம்எஸ்டாஸ்
        செப் = '\\';
    #எல்இஃப் டிஃபைன்டு(விஎம்எஸ்)
        செப் = ']';
    #எல்ஸ்
        செப் = '/';
    #எண்டிஃப்

எம்எஸ்டாஸ் போனதும் #எல்இஃப்-ஐ #இஃப் என்று கருவியே மாற்றி எழுதும். இடத்தைப் பொறுத்து #எல்ஸ் அல்லது #எண்டிஃப் என்றும் மாற்றலாம். இவை தவிர அது புது வரி எழுதாது. # இல்லாமல் தொடங்கும் + வரி ஒன்று கண்ணில் பட்டால், யாரோ இடையில் கையால் திருத்தியிருக்கிறார்கள்.

கருவி தொடாமல் விடுபவை

ஓட்டி முடித்ததும் கிட் கிரெப் -டபிள்யூ எம்எஸ்டாஸ். இன்னும் சில வரும்.

    #இஃப் டிஃபைன்டு(எம்எஸ்டாஸ்) || டிஃபைன்டு(வின்32)

இதில் முதல் பாதி பொய், இரண்டாம் பாதி தெரியாது. மொத்தமும் தெரியாது என்பதால் அன்இஃப்டெஃப் வரியை அப்படியே விட்டுவிடும். (இரட்டை ஆம்பர்சாண்டாக இருந்திருந்தால் ஒரு பொய்யே மொத்தத்தையும் பொய்யாக்கும், வெட்டிவிடும்.) கோவன் என்ற கருவி இத்தகைய வரிகளைப் பாதியாகச் சுருக்கித் தரும். மிஞ்சியது பத்து இருபது வரி என்றால் கையாலேயே திருத்திவிடலாம், புதுக் கருவியைக் கட்டி எடுக்கும் நேரம் மிச்சம். திருத்தியதும் மறுபடி ஹேஷ் சோதனை. கையால் தொட்ட இடத்தில்தான் அது மிக அவசியம். அடைப்புக்குறியும் ஆச்சரியக்குறியும் சேர்ந்த வரியில் மனிதன் தவறுவதைப் போல் கருவி தவறாது.

#இஃப் வரியைப் பின்சாய்வு போட்டு இரண்டு மூன்று வரியாக உடைத்திருந்தால், அதை மாற்றி எழுத வேண்டி வரும்போது "குழப்பமான கண்ட்ரோல் வரி" என்ற பிழையோடு நிற்கும். அத்தகைய வரிகளை முன்கூட்டியே ஒரே வரியாகச் சேர்த்துத் தனி கமிட்டாகப் போட்டுவிடுங்கள்.

#எண்டிஃப் பக்கத்தில் உள்ள கமெண்ட்டுகளைக் கருவி திருத்தாது. எம்எஸ்டாஸ் என்று கமெண்ட் போட்ட #எண்டிஃப் இப்போது வேறெதையோ மூடிக்கொண்டு பொய் சொல்லும்.

சில இடங்களில் கோடு சரியாகவே இருக்கும், ஆனால் பார்க்கச் சகிக்காது:

    #இஃப்டெஃப் எம்எஸ்டாஸ்
        இஃப் (டிரைவ்_இல்லை(பாத்))
            ரிட்டர்ன் -1;
        எல்ஸ்
    #எண்டிஃப்
        {
            எஃப்டி = ஓபன்(பாத், மோடு);
        }

வெட்டியபின் தலையில்லாமல் ஒரு பிரேஸ் பிளாக் மட்டும் தொங்கும். பிரேஸை எடுத்து உள்ளே இருப்பதை இடப்பக்கம் இழுக்கலாம். ஆனால் உள்ளே ஏதாவது மாறி டிக்ளேர் ஆகியிருந்தால், வெளியிலும் அதே பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. இந்த இன்டெண்ட் வேலை தனி கமிட். அதன் ஹேஷை .கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ் போன்ற ஒரு ஃபைலில் எழுதி வைத்து, அந்த ஃபைலைக் கிட் பிளேமுக்குக் காட்டினால், கிட் 2.23 முதல் பிளேம் அதைத் தாண்டிப் பழைய ஆசிரியரைக் காட்டும்.

#இஃப் 0

இவற்றை அன்இஃப்டெஃப் தானாகத் தொடாது. கமெண்ட் போலப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தே விட்டுவைக்கிறது. சிறிய கே சுவிட்ச் கொடுத்தால்தான் வெட்டும். கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் படியுங்கள். இங்கே பைட் சோதனை உதவாது, எப்படி வெட்டினாலும் பைட் மாறாது. பிரச்சினை வேறு: "இந்த வழியை முயன்றோம், இந்த ஹார்ட்வேரில் தொங்கியது" என்று ஒருவர் எழுதி வைத்த ஒரே இடம் அந்த #இஃப் 0-ஆக இருக்கலாம். அப்படியானால் கோடை வெட்டி, காரணத்தை இரண்டு வரி கமெண்ட்டாக நிறுத்துங்கள். வெறும் பழைய கோடு என்றால் தயங்கத் தேவையில்லை, கிட்டில் இருக்கிறது.

ஒன்று போனால் இன்னொன்று

எம்எஸ்டாஸ் ஹெடர் ஒன்று போனதும், அதற்குள் மட்டுமே டிஃபைன் ஆன யூஸ்_ஷார்ட்_நேம் போன்றவை அனாதையாகும். அவற்றைச் சோதிக்கும் #இஃப்டெஃப்கள் இப்போதுதான் செத்தன. எனவே பட்டியல் எடுக்கும் முதல் கட்டளையை ஒவ்வொரு கமிட்டுக்குப் பின்னும் மறுபடி ஓட்டுங்கள். பழைய ப்ராஜெக்ட்களில் மூன்று நான்கு சுற்று சாதாரணம்.

பிறகு கூளம் பெருக்கும் கட்டம். -டபிள்யூஆல் அழைப்பில்லாத ஸ்டேட்டிக் ஃபங்ஷன்களைச் சொல்லும். பயன்படாத மேக்ரோக்களுக்கு -டபிள்யூஅன்யூஸ்டு-மேக்ரோஸ் தனியாகப் போட வேண்டும், -டபிள்யூஆல்-இல் அது கிடையாது, அதுவும் .சி ஃபைலிலேயே டிஃபைன் ஆனவற்றை மட்டும்தான் சொல்லும். வெளியே தெரியும் ஃபங்ஷன்கள் எதிலும் வராது, அவற்றுக்கு லிங்கர் மேப்பைத்தான் பார்க்க வேண்டும். கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்டில் இனி யாரும் கேட்காத சோதனைகள், சிமேக் ஆப்ஷன்கள், இன்ஸ்டால் குறிப்பில் உள்ள பத்தி, மேக்ஃபைல்.டாஸ் போன்ற முழு ஃபைல்கள். இவற்றில் சில பைட்டை மாற்றும். அதனால்தான் இவற்றை வெட்டு கமிட்டுகளோடு கலக்கக் கூடாது.

திரும்ப வராமல் தடுக்க ஒரு வரி போதும். பொது ஹெடரில், சிஸ்டம் ஹெடர்கள் அனைத்துக்கும் கீழே:

    #பிராக்மா ஜிசிசி பாய்சன் எம்எஸ்டாஸ் யூஸ்_ஷார்ட்_நேம்

அதற்குப் பின் யாராவது அந்தப் பெயரை #இஃப்டெஃப்பில் எழுதினாலும் கம்பைல் நின்றுவிடும். கிளாங்கும் இதை ஏற்கும். மேலே போட்டுவிட்டால் சிஸ்டம் ஹெடரில் அதே பெயர் வரும்போது உங்கள் பில்டே உடையும். ஏற்கெனவே பொய்யாகிப்போன #இஃப்-க்குள் உள்ள வரிகளை இது பார்க்காது, ஆகவே சிஐ-யில் ஒரு கிரெப்பும் வையுங்கள்.

மிஞ்சியிருப்பது மற்றவர்களின் பிராஞ்சுகள். வெட்டு கமிட்டைத் தங்கள் பிராஞ்சில் மெர்ஜ் செய்யச் சொன்னால் கான்ஃப்ளிக்ட்டில் முழுகிவிடுவார்கள். கமிட் செய்தியில் நீங்கள் ஓட்டிய கட்டளையை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். சிம்பல்கள் அதிகம் என்றால் #டிஃபைன், #அன்டெஃப் வரிகளாக ஒரு ஃபைலில் எழுதி, சிறிய எஃப் சுவிட்சால் கொடுக்கலாம். பிராஞ்ச் வைத்திருப்பவர் வெட்டுக்கு முந்தைய கமிட் வரை முதலில் ரீபேஸ் செய்து, அதே கட்டளையைத் தன் பக்கமும் ஓட்டி கமிட் செய்துவிட்டு, பிறகு வெட்டு கமிட்டைத் தன் பதிப்பே சரி என்று ஸ்ட்ராட்டஜி ஆப்ஷன் கொடுத்து மெர்ஜ் செய்தால் போதும். இரண்டு பக்கமும் வெட்டப்பட்ட வரிகள் ஒன்றே. நீங்கள் கையால் திருத்திய அந்தப் பத்து இருபது வரிகள் மட்டும் வித்தியாசமாக நிற்கும். அவற்றைத் தனி கமிட்டாக வைத்திருந்தால் செர்ரி-பிக் செய்து எடுத்துக்கொள்வார்.